இறால் ஷெட்டில் சத்தமில்லை

பாப்பாவின் அப்பாவுக்கு,

இறால் உரிக்கும் ஷெட்டில் இப்போது நான்தான் சூப்பர்வைசர். "கத்துனாதாம்மா வேல நடக்கும்" என்றார் முதலாளி. யாராவது கத்தினால் கையிலிருப்பது எப்படி நழுவும் என்பது உங்களோடு வாழ்ந்த எனக்குத் தெரியும்.

கோபம் வந்தால் ஒரு மூச்சு இழுத்துவிட்டு, பெண்களின் கையைப் பார்க்கிறேன். மெதுவாக உரித்த குப்பம்மாள் அக்காவின் விரல்கள் ஐஸில் புண்ணாகியிருந்தன. "இன்னாக்கா, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று கேட்டு, தரம் பிரிக்கும் மேஜைக்கு மாற்றினேன். இப்போதெல்லாம் மத்தியானத்துக்குள் லோடு ஏறிவிடுகிறது. முதலாளியும் கத்தச் சொல்வதில்லை.

பொங்கலுக்கு வருவதாகப் பாப்பாவிடம் போனில் சொன்னீர்களாம். அன்றிலிருந்து அவள் டம்ளரைக்கூடச் சத்தம் வராமல் வைக்கிறாள்.

வாருங்கள். ஆனால் இந்த வீட்டிலும் இனி யாரும் கத்தக் கூடாது. முடியாதென்றால் பழவேற்காடு பஸ்ஸில் ஏறாதீர்கள்.

பாப்பாவின் அம்மா