நாலாம் வகுப்பில் எத்தனை பேர்?

மார்ச் 4

தங்கச்சிக்கு,

நேரில் வந்தால் உன் பள்ளிக்கூட வாசலிலேயே கத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். பாப்பா பிறந்து இன்றைக்கு முப்பத்தாறாவது நாள். இருமி இருமி மூச்சு நின்று, முகம் நீலம் பாரித்து, ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் கிடக்கிறாள். கக்குவான் இருமலாம். டாக்டரம்மா, "வீட்ல வேற யாரு இருமுறாங்க?" என்றார். மூத்தவன்தான், மூன்று வாரமாக. "அவனுக்குச் சின்ன வயசுல போட்ட தடுப்பூசி பலம் குறைஞ்சிருக்கும், லேசா வந்துட்டுப் போயிடும். ஊசி போடுற வயசே வராத குழந்தைக்குத்தான் ஆபத்து" என்றார்.

அவன் இருமுகிறான் என்று நான் போன் செய்தபோது, "பனிக்காலம்ணா, எல்லாப் பிள்ளைங்களும்தான் இருமுது" என்றவள் நீ. தலைமையாசிரியை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவனைப் பாப்பா பக்கத்திலேயே படுக்க வைத்தோம். மழுப்பாமல் சொல். அவனைப் போல இருமுகிற பிள்ளைகள், அவன் படிக்கிற நாலாம் வகுப்பில் எத்தனை பேர்?

அண்ணன்

மார்ச் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

முப்பத்தெட்டில் பதினாறு பேர். ஒரு பிள்ளைக்குப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. நீ போன் செய்த அன்றே அந்தச் சீட்டு என் மேசையில் இருந்தது. பள்ளியின் அங்கீகார ஆய்வு முடியட்டும், பிறகு பெற்றோரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன். பள்ளியைச் சுற்றியுள்ள கடைகளுக்கெல்லாம் இருமல் மிட்டாய் மொத்தமாகப் போடுவது நீதானே? சரக்கு இப்படிப் பறக்கிறதே என்று நீ ஏன் யோசிக்கவில்லை?

பாப்பாவைப் பார்க்க வரட்டுமா?

உன் தங்கை

மார்ச் 7

தங்கச்சிக்கு,

யோசிக்கவில்லை. ஒரு மாதத்துச் சரக்கு ஒரே வாரத்தில் தீர்ந்தது. இன்னும் அனுப்பு என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். அந்த வெட்கம் எனக்கு இருக்கிறது. அதைக் காட்டி உன் பங்கைக் குறைத்துக்கொள்ளப் பார்க்காதே. நான் ஊகித்திருக்க வேண்டியவன். நீ தெரிந்தே மறைத்தவள்.

பாப்பா நேற்றிலிருந்து தானாகப் பால் குடிக்கிறாள். அவள் அம்மா, உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

வா. ஆனால் நேராக இங்கே வராதே. அந்தப் பதினாறு வீட்டுக்கும் நீயே நடந்து போ. கைக்குழந்தை இருக்கிறதா என்று கேள். டாக்டரிடம் போகச் சொல். திட்டினால் நின்று வாங்கிக்கொள். பதினாறாவது வீடு என்னுடையது. மற்ற பதினைந்து வீட்டிலும் விசாரித்துவிட்டுத்தான் கதவைத் திறப்பேன்.

அண்ணன்