நீ அனுப்பிய ஹீட்டர் வால்வு

மேலகரம்,
சாரல் தொடங்கிய வாரம்.

அன்பு மகள் குழல்வாய்மொழிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உங்க அப்பா, ஷெட்டுக்குள் உனக்குத் தம்பி மாதிரி வளர்ந்துவரும் அந்தக் கார், மூவரும் சுகம். ஜெர்மனியில் நீயும் அப்படியே இருக்கக் குற்றாலநாதரையும் உனக்குப் பேர் கொடுத்த அம்மனையும் கும்பிட்டுக்கொள்கிறேன். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் பேசப் பேச உங்க அப்பா பக்கத்தில் நின்று திருத்துகிறார், அதனால்தான் காகிதம்.

நீ அனுப்பிய வால்வு உடையாமல் வந்துசேர்ந்தது. உள்ளங்கையில் அடங்குகிற அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இம்புட்டு அலப்பறை?" என்று கேட்டேன். பட்டாளத்தில் லடாக்கில் லாரி ஓட்டினவருக்கு ஹீட்டர் இல்லாத வண்டி வண்டியே இல்லை என்பது உனக்குத் தெரிந்த கதை. பழைய ஜீப்பின் அடிச்சட்டத்தில் காரைக் கட்டி, யாரோ கழித்துப்போட்ட வேனின் ஹீட்டரையும் உள்ளே பொருத்தினார், எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் அதற்குள் வர வழி செய்தவர் நிறுத்த வழி செய்யவில்லை. சாரலில் முன்கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க அது வேணும் என்பார், நியாயம்தான், ஆனால் சித்திரை வெயிலில் கடையம் போய்வந்த அன்று என் பாதம் இரண்டும் பனங்கிழங்கு மாதிரி வெந்துவிட்டன. அவரோ நீ ஊருக்கு வரும்போது உன்னைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து இந்தக் காரில்தான் கூட்டிவருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நானும் தீர்த்துச் சொன்னேன், முதலில் என்னைச் செங்கோட்டைக்கு ஏற்றிப்போய்க் காட்டுங்கள், கால் சுட்டால் பிள்ளைக்கு டாக்ஸிதான் என்று. சரி என்று தலையாட்டிவிட்டு அன்றிலிருந்து சோற்றைப் பிசைகிறாரே தவிரச் சாப்பிடுகிறார் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் எலக்ட்ரீசியன் காஜா வந்து, ஹீட்டருக்குப் போகிற குழாயை வெட்டி நடுவில் உன் வால்வை வைத்துக் கிளிப் போட்டு இறுக்கினான். உள்ளே கரண்ட் பாய்ந்தால் அது வழியை அடைக்குமாம், கரண்ட் இல்லாவிட்டால் திறந்தே கிடக்குமாம். "மைனி, சுவிட்சைப் போட்டா சூடு நிக்கும், அணைச்சா சூடு வரும்" என்றான். ஊரெல்லாம் சுவிட்சைப் போட்டால் சூடு வரும், நம் வீட்டில் மட்டும் தலைகீழா என்று கேட்டேன். "குடும்பமே அப்படித்தான மைனி கெடக்கு" என்றான். போட்டுப் பார்த்தார்கள், சூடு நின்றது. பிறகு ஒயருக்கு டேப் சுற்றலாம் என்று பிளக்கைக் கழற்றிவைத்தவன், பாங்கு சத்தம் கேட்டு ஜும்மாவுக்குப் போய்விட்டான். புதுச் சாமான் வந்தால் பூஜை போடாமல் இருக்க முடியுமா, நான் சக்கரம், ஸ்டியரிங், பேட்டரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்து வால்வுக்கும் வைத்தேன். பிளக் சொருகுகிற வாய்க்குள் இரண்டு சின்னக் கம்பிகள் கண் மாதிரி முழித்துக்கொண்டு நின்றன, பாவம், அவற்றை மட்டும் விட மனசில்லாமல் ஆளுக்கொரு பொட்டு அப்பினேன். காஜா திரும்பிவந்து கவனிக்காமல் பிளக்கைச் சொருகிவிட்டுப் போனான்.

சாயங்காலம் கிளம்பும்போது உன் அத்தை தங்கபுஷ்பம், தம்பி வண்டியைக் குறை சொல்லும் வாய்ப்பை விடுவாளா, முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால். இலஞ்சி தாண்டுவதற்குள் அனல் பின்சீட்டு வரை வந்தது, நான் சத்தமில்லாமல் காலைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்துக்கொண்டேன். அத்தை பட்டுச்சேலையை முழங்காலுக்குச் சுருட்டியபடி, "ஏலே நம்பி, இது காரா இட்லிக் கொப்பரையா? எறங்கயில என்னைத் துணியோட எடுத்துத் தட்டுல தட்டுவியா?" என்றாள். உங்க அப்பா சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு ஓரம்கட்டினார், காஜாவுக்குப் போன் போட்டார். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள் அண்ணாச்சி என்றான். கழற்றினால் உள்ளே சந்தனம் காய்ந்து கட்டியாகக் கிடக்கிறது. "இது யாரு சோலி?" என்று கேட்டார். நான் மலையைப் பார்த்தேன், மேகம் நன்றாக இறங்கியிருந்தது. "பொட்டு வட்டமா இருக்கு, சித்ரா வச்சதுதான்" என்று அத்தை சாட்சி சொன்னாள். "மைனி, கண்ணுக்குள்ள சந்தனத்தை அப்பினா அது எப்படி முழிக்கும்?" என்று போனுக்குள்ளிருந்து காஜா.

என் கொண்டை ஊசியை வாங்கிச் சுரண்டித் துடைத்துச் சொருகினார். டக்கென்று ஒரு சத்தம். செங்கோட்டை போகுமுன் ஹீட்டர் ஆறிவிட்டது. அங்கே டீக்கடை வாசலில் இறங்கி நின்று, என் மேல் ஒரு வார்த்தை குற்றம் சொல்லாமல், "கால் சுட்டுதுல்லா. பேச்சு பேச்சுதான், டாக்ஸிக்குச் சொல்லிருதேன்" என்றார். "எனக்கு எங்க சுட்டுது? உங்க அக்காவுக்குல்லா சுட்டுது" என்றேன். அத்தை வாயைத் திறந்தாள், அதற்குள் கடைத் தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வைத்தேன். உங்க அப்பா கடையில் நின்றபடியே நாலு பழம்பொரி தின்றார்.

ஆகையால் உன்னை அழைக்க டாக்ஸி வராது. இருந்தாலும் நீ ஷூவைக் கழற்றாமல் ஏறு. பிளைட் நேரத்தை எனக்குத் தனியாக அனுப்பு, அவரிடம் சொன்னால் முந்தின நாளே கிளம்பிவிடுவார். நல்ல சாப்பாடும் நல்ல தூக்கமும் குறையாமல் தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு,
கால் சுடாத உன் அம்மா,
ஜெயசித்ரா நம்பிராஜன்