கடைசி இடம்

வியாழன், வெஸ்ட்மீட்

இன்று நான் கடைசி. சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாங்கள் நாலு சிநேகிதிகள் கைக்கடிகாரத்தில் உடற்பயிற்சிப் போட்டி வைத்திருக்கிறோம். இதயம் வேகமாக அடிக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அது புள்ளி போடும். மூன்று மாதம் நான்தான் முதலிடம். நடக்கவே போகாதவள். சோபாவில் இருந்து நாடகம் பார்க்கும்போதும் புள்ளி ஏறியது. அவர்களில் ஒருத்தி சுலோவுக்குத் தாங்கவில்லை. "கதிரையை விட்டு எழும்பாம எப்பிடியடி முதலாவதா வாறாய்?" என்று கேட்டாள். நானோ அவர்கள் தந்த பரிசுச் சேலையை உடுத்திக்கொண்டு கோயிலுக்கும் போய் வந்தேன்.

கை நடுங்கித் தேநீர் சிந்தத் தொடங்கிய பிறகுதான் டொக்டரிடம் போனேன். இரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னார்: கழுத்திலுள்ள தைரொய்ட் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறது, அதுதான் இதயத்தை விரட்டுகிறது. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டுத் துடிப்பு. இப்படியே விட்டிருந்தால் என்று அவர் தொடங்கியதை இங்கே எழுதப்போவதில்லை. சுலோவிடமும் மூச்சு விடவில்லை.

டொக்டர் தந்த மருந்துக் குளிசை விழுங்கத் தொடங்கி ஏழு வாரம். இன்று காலை எழுபத்திரண்டு. பின்னேரம் சுலோ போன் எடுத்தாள்.

"என்னடி, கடைசியில நிக்கிறாய்? சுகமில்லையோ?"

"சுகம் வந்திட்டுதடி. அதுதான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்ப அந்தச் சேலையைத் திருப்பித் தா" என்றாள்.

இப்போது படுக்கையில் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். முன்பெல்லாம் தலையணைக்குள்ளேயே துடிப்புக் கேட்கும். இன்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.