பதினெட்டாம் தேதி இதழுக்கு முன்

கெல்டன் துறை,
1854 மே 6, சனிக்கிழமை.

என் அன்புள்ள ரூஃபஸுக்கு,

லவீனியா எழுதுவது. இங்கே நானும் நலம், கோழிகளும் நலம். அச்சகம்தான் அவ்வளவு நலமில்லை. மை தடவும் உருளையைப் போன வாரம் எலிகள் பாதிக்கு மேல் தின்றுவிட்டன. பசையும் வெல்லப்பாகும் சேர்த்து வார்த்த உருளையை மூடி வைக்காமல் போனது என் தவறு. மேஸ்திரி எனோக் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “நம்ம பத்திரிகைய இவ்வளவு ஆசையா யாரும் சாப்பிட்டதில்லம்மா” என்றார். புதிதாக வார்த்து உலர்த்தி, வியாழக்கிழமை இதழை மாலை நான்கு மணிக்குத்தான் வெளியே அனுப்பினோம். சந்தாதாரர்கள் வாசலில் நின்று முணுமுணுத்தார்கள். நீங்கள் இருந்தால் இப்படி நடக்காது என்று இரண்டு பேர் என் காதுபடவே சொன்னார்கள். எலி ஆளைப் பார்த்தா வருகிறது?

உங்கள் கடிதம் கிடைத்தது. இருமல் குறைந்தது என்று எழுதியிருந்தீர்கள், மகிழ்ச்சி. கப்பல் தளத்தின் வாசலில் காவலாளி உங்களைப் பார்த்து விறைப்பாக நிற்கிறான் என்பதை இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள். பதினாறு வருடம் மை படிந்த விரலோடு சாப்பாட்டு மேசைக்கு வந்த மனிதருக்கு அது கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும், நான் குறை சொல்லவில்லை. நம் ‘கலங்கரை’ பத்திரிகை ஆதரித்தவர் ஜனாதிபதியானார், கடற்படைக்குச் சாமான் வாங்கும் உத்தியோகம் உங்களுக்கு வந்தது. எதிர்க்கட்சிப் பத்திரிகை, “படகில் ஏறினால் வாந்தி எடுப்பவருக்குக் கடற்படை வேலை” என்று எழுதியபோது ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை காலை டார்கஸ் ஃபென் அச்சகத்துக்கு வந்தாள். மீன் உலர்த்தும் களத்தில் வேலை பார்க்கிறாளே, அந்த டார்கஸ். அவள் தம்பி டோபியாஸ் ‘லாரல்’ கப்பலில் மாலுமியாக இருந்தான். ஏப்ரல் மூன்றாம் தேதி, காற்றில் பாயைச் சுருட்ட மேலே ஏறியிருக்கிறான். பாய்மரத்தின் குறுக்குக்கட்டைக்கு அடியில் காலூன்றி நிற்கக் கட்டியிருக்கும் கயிறு அறுந்துவிட்டது. கடலில் விழுந்திருந்தாலாவது பிழைத்திருப்பான். கப்பலின் மேல்தளத்தில் விழுந்தான். வயது இருபத்திரண்டு. உங்களுக்கு அவனைத் தெரியும். போன தேர்தலின்போது நம் பத்திரிகையைப் படகில் வைத்துத் தீவுக்கெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவன்.

டார்கஸ் அழவில்லை. அறுந்த அந்தக் கயிற்றில் ஒரு முழத் துண்டைக் கைத்துண்டில் சுற்றிவைத்திருந்தாள், அதை எடுத்து மேசையில் வைத்தாள். நான் கயிறு திரிப்பவர் மகள், எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே நல்ல தார், புதுச் சணல். புரியைப் பிரித்தால் உள்ளே பழைய கயிற்றைப் பிய்த்துத் திரும்பத் திரித்த நார். விரலால் தேய்த்தேன், பொடியாக உதிர்ந்தது. என் அப்பா இப்படி ஒரு கயிற்றை ஆட்டுக்குட்டி கட்டக்கூட விற்றிருக்கமாட்டார்.

கூடவே ஒரு கடிதம் கொடுத்தாள். லாரல் கப்பலின் பாய்க்கயிறுகளைக் கவனிக்கும் கேலப் டுவிங் எழுதியது. பத்திரிகையில் போடும்படி கேட்டு, தன் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறார். கயிற்றோடு கப்பலுக்கு வந்த சோதனைச் சான்றிதழின் நகலையும் இணைத்திருக்கிறார். ‘இந்தச் சரக்கு என் கண்ணெதிரே பிரித்துச் சோதிக்கப்பட்டது, குறையில்லை. ஜனவரி 9.’ கீழே உங்கள் பெயர்.

எதிர்க்கட்சிப் பத்திரிகைக்கு ஏன் போகவில்லை என்று டார்கஸைக் கேட்டேன். “அவங்க கொண்டாடிக்கிட்டே போடுவாங்கம்மா. எங்க தம்பி சாவுல யாரும் கொண்டாட வேணாம். யாரப் பத்தி எழுதினாலும் எழுதுறவன் பேரு போட்டா நான் போடுவேன்னு உங்க வீட்டுக்காரர்தான சொல்லுவாரு? அதான் இங்க வந்தேன்” என்றாள். காபி கொடுத்தேன், குடிக்காமல் போய்விட்டாள்.

ஜனவரி ஒன்பதாம் தேதி நீங்கள் எங்கே இருந்தீர்கள், ரூஃபஸ்? நம் வீட்டு மாடியறையில், நெஞ்சில் கடுகுப் பற்றோடு, போர்வைக்குள் முனகிக்கொண்டிருந்தீர்கள். பற்றுப் போட்டவள் நான். மூன்றாம் தேதி வந்தீர்கள், பதினெட்டாம் தேதிதான் திரும்பிப் போனீர்கள்.

அந்தக் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்க வேண்டிய அவசியமும் எனக்கு இல்லை. நவம்பரில் நன்றித் திருநாளுக்கு வந்தபோது, நம் அச்சகத்திலேயே அடித்த சான்றிதழ் படிவங்களை ஒரு கட்டு எடுத்துவந்தீர்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை மதியம், மீந்த வான்கோழிக் கறியைத் தட்டில் வைத்துக்கொண்டு, வரிசையாகக் கையெழுத்துப் போட்டீர்கள். எல்லாம் வெறும் படிவங்கள். ஒவ்வொரு சரக்கு வரும்போதும் தளத்துக்கு ஓடமுடியாது, எழுத்தர் பிங்கம் தேதியை நிரப்பிக்கொள்வான், எல்லா அதிகாரிகளும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றீர்கள். நான் என்ன செய்தேன்? பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு தாளிலும் மை ஒற்றினேன். எழுபது தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னேன்.

இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது. உங்கள் மேல் கோபம் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. என் மேல் அதைவிட அதிகம். நீங்கள் யாரிடமும் ஒரு பைசா கைநீட்டி வாங்கியிருக்கமாட்டீர்கள் என்று யார் தலையில் அடித்தும் சத்தியம் செய்வேன். ஆனால் டார்கஸுக்கு அதனால் என்ன ஆகப்போகிறது?

செய்தி எப்படியோ கசிந்து, நேற்று பிளாகெட் வந்தார். கட்சித் தலைவர் என்ற தோரணையில் தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். “கயிறுன்னா ஒருநாள் அறுந்துதாம்மா போகும். இதுக்கெல்லாம் ஒரு பத்தியா?” என்றார். பிறகு, சர்க்கார் அறிவிப்புகள் அச்சடிக்கும் வேலை நம்மிடம் இருப்பதை நினைவுபடுத்தினார். உங்கள் உத்தியோகத்தை வாங்கிக்கொடுக்கத் தாம் எத்தனை படி ஏறி இறங்கினார் என்பதையும் சொன்னார். கடைசியில், “புருஷன் பேர நீயே கெடுப்பியா?” என்று கேட்டார். எனக்குப் பின்னால் எழுத்து கோத்துக்கொண்டிருந்த எனோக்தான் பதில் சொன்னார்: “ஐயா, உங்க பின்னால ஈரமான உருளை இருக்கு, கோட்டு படாம எந்திரிங்க.” பிளாகெட் எழுந்து, கோட்டின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வெளியே போனார். உருளை அங்கே இல்லவே இல்லை.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், நீங்கள் ஏற்படுத்தியதுதான். யார் மேல் புகார் வந்தாலும் அதை அச்சுக் கோத்து, புரூஃப் எடுத்து முதலில் அவருக்கே அனுப்புவது. ஒரு இதழ் பொறுப்பது. அவர் பதிலையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுவது. பாலம் இடிந்தபோது நகரசபைத் தலைவருக்கு அப்படித்தான் செய்தீர்கள். பாதிரியாருக்கும் செய்தீர்கள். அவர் ஒரு மாதம் நமக்கு முகம் கொடுக்கவில்லை, நீங்கள் அசையவில்லை. அன்று எனக்கு உங்களைப் பார்க்க அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்த வழக்கப்படி புரூஃப் இதோடு இருக்கிறது. டுவிங்கின் கடிதத்தை எனோக்கே கோத்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை. உங்கள் பெயர் வரும் வரியில் மட்டும் ஒரு எழுத்து தலைகீழாக விழுந்திருந்தது. பதினாறு வருடத்தில் எனோக் செய்த முதல் பிழை என்று நினைக்கிறேன். திருத்திவிட்டேன்.

இது பதினெட்டாம் தேதி வியாழன் இதழில் வரும். நிறுத்தச் சொல்லி எழுதாதீர்கள். எழுத்தர் மேலோ கயிற்று வியாபாரி மேலோ மட்டும் பழியைப் போட்டும் எழுதாதீர்கள். வியாபாரி செய்தது அயோக்கியத்தனம்தான், அவனைக் கோர்ட்டு பார்த்துக்கொள்ளட்டும். நடந்ததை நடந்தபடி நீங்களே எழுதுங்கள். மற்றப் படிவங்களோடு என்னென்ன கயிறு எந்தெந்தக் கப்பலுக்குப் போனது என்பதையும் எழுதுங்கள். அந்தக் கப்பல்களில் இன்றைக்கும் பையன்கள் மேலே ஏறிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் போனது அதனால்தான். அச்சில் வரும்வரை காத்திருக்காமல், இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே கப்பல் தலைவர்களுக்கு ஆள் அனுப்புங்கள்.

உத்தியோகம் போய்விடும், தெரியும். அதற்கு மேலும் ஏதாவது வரலாம், அதுவும் தெரியும். உங்கள் பதில் வராவிட்டால், அந்த இடத்தில் நானே ஒரு பத்தி எழுதுவேன். வெற்றுத் தாள்களில் கையெழுத்துப் போட்டவர் பெயரும், பக்கத்திலிருந்து மை ஒற்றியவள் பெயரும் அதில் இருக்கும். ஆனால் அதை நான் எழுதும்படி வைத்துவிடாதீர்கள், ரூஃபஸ். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

அந்த வியாழக்கிழமை மாலை முதல் பிரதியை வாங்க டார்கஸ் வருவாள். தபாலில் பதில் அனுப்புவதைவிட, முந்தின நாள் புதன்கிழமை வண்டியில் நீங்களே வந்துவிடுங்கள். அவள் கையில் அந்தத் தாளைக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

கடவுள் உங்களுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்து, பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள் மனைவி,
லவீனியா