சொற்கள் மாறிப்போன உன் பாட்டு

என் அன்புள்ள தர்ஷி அக்கா,

நீ காய்ச்சலில் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிவிட்டது. உன் கணினியைப் போன மாதம்தான் திறந்தேன். உன் பதினொரு பாட்டுகளும் உள்ளே பத்திரமாக இருந்தன. இசைக்குறிப்பு எழுத நீ வைத்திருந்த மென்பொருள் பழையது என்று, தோழி தந்த இறுவட்டிலிருந்து புதிய பதிப்பை ஏற்றினேன்.

கோயில் பாடகர் குழுவுக்கு அம்மாவைப் பற்றிய உன் பாட்டு வேண்டுமென்று அப்பா கேட்டார். ஓடவிட்டுக் கேட்டேன். மெட்டு பிசகவில்லை. சொற்களைப் பார்க்காமலே அச்சடித்துக் கொடுத்தேன்.

அதை எடுத்துக்கொண்டு அப்பா குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போன பஸ்ஸைப் பொலிஸார் மறித்து எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்களாம். அப்பாவின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பையில் இந்தத் தாள். சுரக்குறிகளுக்குக் கீழே தமிழ் இல்லை. ஒரு சொல்லும் ஆகாத ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். நீ 'அம்மா' என்று எழுதிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ரகசியக் குறியீடு என்று அப்பாவைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதே பஸ்ஸில் போன பக்கத்து வீட்டுக்காரர் திரும்பி வந்து சொன்னார்.

அச்சு இயந்திரத்தின் பிழை என்று நினைத்தேன். திரையிலும் அப்படியே இருந்தது. இன்னொரு பாட்டைத் திறந்தேன், அதிலும் அதே. ஆனால் தலைப்பு மட்டும் தமிழில் இருந்தது. அப்போதுதான் பிடிபட்டது. உன் தமிழ் எழுத்துரு, ஆங்கில விசைகளுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திவிடுவது. மெய்யெழுத்தின் புள்ளிக்கு நீ அரைப்புள்ளி விசையைத்தானே அழுத்துவாய்? புதிய பதிப்பு பாட்டு வரிகளுக்கு மட்டும் தன் எழுத்துருவைப் போட்டுவிட்டது. நான் மாற்றிச் சேமித்தேன். திறந்தால் மறுபடி ஆங்கிலம். வரிகளுக்கான அமைப்புப் பக்கத்தைத் தேடிப் பிடித்து அங்கே மாற்றிய பிறகுதான் தமிழ் நின்றது. பொலிஸுக்குக் காட்ட அம்மா பாட்டைப் புதிதாக அச்சடித்தேன்.

"முடிஞ்சுதே, பிள்ளை?" அம்மா செருப்போடு வாசலில் நின்றார்.

"ஓம், வாறன்."

பொலிஸ் நிலையத்தில் அதிகாரி பழைய தாளையும் புதிய தாளையும் மேசையில் வைத்துப் பார்த்தார். "நோனா, எனக்கு ரெண்டும் ஒரே மாதிரி. ரெண்டும் வாசிக்கத் தெரியாதுதானே" என்று அம்மாவைச் சிங்கள மரியாதையோடு விளித்து, அரைகுறைத் தமிழில் சொன்னார்.

இதை நான் யோசிக்கவேயில்லை, அக்கா. தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்குத் தமிழும் குறியீடுதான்.

"பாடு" என்றார். சொற்களுக்குக் கீழே விரலை வைத்து மெல்லப் பாடினேன். அம்மா என்று வந்ததும் அவர் நிமிர்ந்தார். சிங்களத்திலும் அது அம்மாதானே. நான்காவது முறை அந்தச் சொல் வந்தபோது அவரே இரண்டு தாள்களிலும் அதே சுரத்தின் கீழே தொட்டார். "மேக அம்மா. மேகத் அம்மா." இது அம்மா, இதுவும் அம்மா. எங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டு அப்பாவை விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சுப்போடு, பிள்ளை."

"அது அக்கான்ர பாட்டெல்லோ, அப்பா."

"அக்கா போயிட்டா. நீ இருக்கிறாய்."

அவர் சொன்னது பிழையா? பொலிஸ் ஜீப் சத்தம் கேட்டால் நானும் விளக்கை அணைத்துவிடுகிறேன். எல்லோரும் நித்திரையான பிறகு, ஒலியை நிறுத்திவிட்டு உன் பாட்டுகளைச் சரிசெய்கிறேன். மெட்டு கேட்காததால் சொற்களை ஒவ்வொன்றாக வாசிக்கவேண்டியிருக்கிறது. ஆறாவது பாட்டு என்னைப் பற்றியது. நான் இடிக்குப் பயந்து உன் கட்டிலுக்கு ஓடிவருவதைக்கூட எழுதியிருக்கிறாய். ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?

இன்னும் ஐந்து இருக்கின்றன. அவற்றையும் வாசிக்காமல் ஒன்றையும் அழிக்க மாட்டேன். வாசித்த பிறகும் அழிப்பேன் என்று நினைக்காதே.

உன் பயந்தாங்கொள்ளித் தங்கச்சி,
சுபா