காசிம் நானாவின் கைத்துவக்கும் ஒரு புரியாணியும்

மச்சான்,

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு அடுத்த வருசம்தான் காசிம் நானாவின் கைத்துவக்கைத் திருத்தினோம். உன் மகன் நேற்று, நீ செத்து வருசம் திரும்பின ஆட்டத்திவசத்தில், புயலுக்கு முந்திய வருசம் என்று வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு வருசக் கணக்குப் பிழைக்காது. அந்தப் புயலில்தான் என் கொல்லன் பட்டறையின் கூரை போனது. மறு வருசம் நான் உலை மூட்ட ஓர் இடமில்லாமல் திரிந்தேன்.

உன் படத்துக்கு முன்னால், படையலில் வடைக்கும் மோதகத்துக்கும் பக்கத்தில், ஒரு சைக்கிள் கம்பியை வைத்திருந்தார்கள். “அப்பா இப்பிடி ஒரு கம்பியாலதான் வெள்ளைக்காரன்ர துவக்கைத் திருத்தினவர்” என்றான் உன் மகன். எல்லாரும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன் என்று ஒரு வாயும் சொல்லவில்லை.

நான் சொல்லச் சொல்ல இதை உன் தங்கைதான் எழுதுகிறாள். என் மனுசி என்றபடியால் எழுதுகிறாள். உன் தங்கை என்றபடியால் இடையில் பேனையை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிறாள். ஒரு வருசமாகத் துடைக்கிறாள். நான் செத்தால் இவ்வளவு துடைப்பாளா என்று எனக்குள் கணக்குப் பார்க்கிறேன். இந்த வயதிலும் புத்தி அப்படித்தான் போகிறது.

காசிம் நானா முல்லைத்தீவு மர வியாபாரி. பரந்தன் சந்தியில் புதிதாக மரக்காலை போட்டிருந்தார். முன்னம் குளத்து வேலை பார்த்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் செத்துப்போக, அவருடைய சாமான்களை வவுனியா அரசாங்கக் கச்சேரியில் ஏலம் விட்டார்கள். நானா ஓர் அலுமாரி எடுக்கப் போய், அலுமாரியோடு ஒரு கைத்துவக்கையும் எடுத்துக்கொண்டு வந்தார். லைசென்ஸ் எல்லாம் ஒழுங்காக இருந்தது. துவக்குத்தான் ஒழுங்காக இல்லை. ஆறு குண்டு போடுகிற உருளை அசையவில்லை. பிடியில் மரம் பிளந்திருந்தது. குழாய் முழுக்கத் துருப்பிடித்த கறள்.

உன் சைக்கிள் கடைக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு அவர் சொன்னார்: “தம்பிமார், ரெண்டு பேரும் பாருங்கோ. ஆர்ர கையில இது சரிவருதோ, அவருக்கு மரக்காலை மூலையில பட்டறை.”

வண்டிச் சில்லுக்கு அடிக்கிற இரும்புப் பட்டமும் கோடரியும் அரிவாளும் வருசம் முழுக்க வருகிற இடம் அது. நான் முள்ளியவளைக் கொல்லன், இரும்பு என் பரம்பரை. நீ குடாநாட்டிலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்து, நெல்லும் சரிவராமல், சைக்கிளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன். அந்த மூலை எனக்குத்தான் என்று நினைத்தேன்.

முதலில் நான் வாங்கிப் பார்த்தேன். காதோடு வைத்து ஆட்டினேன். விசையை விரலால் இழுத்துப் பார்த்தேன். உள்ளே தட்டையான வில்லு ஒன்று முறிந்து கிடக்கிறது, மற்றதெல்லாம் கறள்தான் என்று சொன்னேன். நானா தலையை ஆட்டினார். பிறகு நீ வாங்கினாய். மண்ணெண்ணெய்த் துணியால் குழாயைத் துடைத்து, அதில் வெட்டியிருந்த இங்கிலீசு எழுத்தை வாசித்து, இது சீமையில் இன்ன ஊரில் செய்தது என்றாய். நானா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். நோயைச் சொன்னவன் நான். ஊரைச் சொன்னவன் நீ. துவக்கைக் கழற்றும் வேலை உன் கைக்குப் போனது.

திறந்து பார்த்தால் நான் சொன்ன வில்லுத்தான் முறிந்திருந்தது. அதையும் நான்தான் செய்தேன். பழைய கிராமபோன் பெட்டியின் சுருளில் ஒரு துண்டு வெட்டி, உன் வீட்டு அடுப்பில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மூன்றாம் தரம் பதம் வந்தது. நேற்று அந்த வில்லைப் பற்றி யாரும் கதைக்கவில்லை.

இனிச் சொல்வதை உன் தங்கை இதுவரை கேட்டதில்லை. எழுதட்டும்.

நீ துவக்கில் கழற்றின நான்கு புரியாணிகளை, அந்தப் புரி வெட்டின சின்ன ஆணிகளை, சாக்கில் வரிசையாக வைத்துவிட்டு, கை கழுவக் கிணற்றடிக்குப் போனாய். நானா பக்கத்துக் கடையில் கதைத்துக்கொண்டு நின்றார். நெல்மணி அளவான கடைசி ஆணியை எடுத்து, வெற்றிலையோடு வாய்க்குள் போட்டேன். ஓர் ஆணி குறைந்தால் துவக்கு மூடாது, மூடாவிட்டால் உனக்குப் பட்டறை இல்லை. அவ்வளவுதான் என் யோசனை. அந்த நேரம் பார்த்து உன் தங்கை தேத்தண்ணியோடு வந்தாள். வெற்றிலையைத் துப்பினால் ஆணி விழும். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பாள். குடித்தேன். வெற்றிலையும் ஆணியும் தேத்தண்ணியும் ஒன்றாக உள்ளே போயின.

நீ வந்து தேடினாய். சாக்கை உதறினாய். பழைய டைனமோவுக்குள் இருந்த காந்தத்தை எடுத்து மண்ணில் இழுத்துக்கொண்டு, முழங்காலில் நகர்ந்து என் பக்கம் வந்தாய். நான் பின்னுக்குப் போனேன். காந்தம் கிட்ட வந்தால் வயிற்றுக்குள் ஆணி துள்ளும் என்று பயம். நீ இன்னும் கிட்ட வந்தாய். நான் வயிற்றைக் கையால் பொத்திக்கொண்டு வேலியோடு ஒட்டினேன். நீ நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாய். பிறகு காந்தத்தை மடியில் வைத்துக்கொண்டாய்.

நானா வந்து என்ன தேடுகிறாய் என்று கேட்டார்.

“ஒண்டுமில்லை நானா. ஏலத்தில எடுக்கேக்கையே ஓர் ஆணி இல்லாமத்தான் வந்திருக்கு.”

“கச்சேரிக்காரர் எனக்கு வடிவாச் சுத்தி ஏமாத்திப்போட்டினம்” என்று நானா சிரித்தார்.

என்னைப் பிடித்துக் கொடுத்திருந்தால் அடிபட்டிருப்பேன், கோபித்திருப்பேன், ஒருவேளை அதோடு ஆறியும் இருப்பேன். நீ அதற்கும் இடம் வைக்கவில்லை. சைக்கிள் கம்பியின் புரி வெட்டின நுனியை அறுத்து, இரண்டு நாள் அரத்தால் ராவி, அந்த ஓட்டைக்குப் பொருத்தமாக ஓர் ஆணி செய்தாய். நான் விழுங்கியதாலேதான் உனக்குப் பெயர் வந்தது, மச்சான். அதன் பிறகு ஒரு கிழமை, என்னைக் கண்ட இடமெல்லாம் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“வயிறு சுகமோ, மச்சான்?”

மரக்காலைப் பின்வளவில் நானா ஒரு பாலை மரக் கட்டையைப் பார்த்துத் துவக்கால் வெடி வைத்தார். உருளை சுழன்றது. கம்பி ஆணி போட்டவருக்குத்தான் பட்டறை என்று தீர்ப்புச் சொன்னார். நீ உடனே சொன்னாய்: “மச்சானும் நானும் எண்டால் வாறன், நானா. இல்லாட்டி வேண்டாம்.”

அப்படித்தான் எனக்கு உலை மூட்ட இடம் கிடைத்தது. பொறாமைக்கு அது மருந்தாகவில்லை. பிச்சை வாங்கினவனுக்குப் பசி ஆறும், எரிச்சல் ஆறாது.

பிறகு பலகை வந்தது. கூட்டுறவுச் சங்கக்கடைச் சுவருக்கெல்லாம் எழுத்துப் போடுகிற ஓவியரைப் பிடித்து, பச்சை மையில் இரண்டு பெயரையும் எழுதுவித்தாய். ஒன்றுக்குக் கீழே ஒன்று, இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம். பலகையை ஏற்றுகிற அன்று, நான் கேளாமலே, “உன்ர பேர்தான் மேல” என்றாய். கேளாமல் ஏன் சொன்னாய்? அன்றிலிருந்து எனக்குச் சந்தேகம். சனம் உன் பெயரைச் சொல்லித்தான் கடையைக் கேட்டு வந்தது. அதனால் மேலே இருப்பது நீதான் என்று நானே முடிவு கட்டி, அதன் கீழே இருபது வருசத்துக்கு மேல் இரும்பு அடித்தேன். வேறு ஒருவரிடமும் கேட்கவில்லை. வாசிக்கத் தெரியாது என்பது ஒரு வெட்கம், இதைப் போய்க் கேட்பது இன்னொரு வெட்கம். உன் தங்கை கல்யாணம் முடித்த காலம் தொட்டு எனக்கு எழுத்துச் சொல்லித் தரக் கூப்பிட்டாள். நான் மறுத்தேன். படித்திருந்தால் பலகையை வாசிக்க வேண்டி வந்திருக்கும்.

சண்டைக் காலத்து இடப்பெயர்வில் பலகை போனது. மரக்காலையும் போனது. வயிற்றில் போன ஆணி எப்போதோ போயிருக்கும். பலகை மட்டும் இன்னும் எனக்குள் தொங்குகிறது, மேலே எது என்று தெரியாமல். உன் பெயர் என்றால், நீ சொன்ன பொய் நானாவுக்குச் சொன்னது மட்டுமல்ல. என் பெயர் என்றால், இத்தனை காலமும் நான் எரிந்தது ஒன்றுமில்லாததற்கு. இரண்டில் எது எனக்கு நல்லது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

காசிம் நானா புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார். ஓவியர் முதல் இடப்பெயர்விலேயே செத்துப்போனார். இப்போது நீயும் இல்லை. அந்தப் பலகையை ஏற்றிய அன்று கீழே நின்று, அண்ணாந்து, வாய்விட்டு வாசித்தவள் ஒருத்தி இருந்தாள். அது காதில் விழாதபடி நான் சம்மட்டியை ஓங்கி ஓங்கி அடித்தேன். வாசித்ததைச் சொல்ல இனி அவள் ஒருத்திதான் உயிரோடு இருக்கிறாள், இப்போது பேனையோடு என் முன்னால். அவளை நான் “இஞ்சாரும்” என்று கூப்பிட்டே பழகிவிட்டேன். இன்றைக்குப் பெயரைச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

பாக்கியம்.