துளையில்லாத சில்வண்டு

சூச்சோ,
ஒன்பதாம் மாதம், பன்னிரண்டு

என் கணவர் ஜிங்சாய் அவர்களுக்கு, வென்யு வணங்கி எழுதுவது.

மூன்று மாதமாக உங்கள் கையெழுத்தைக் காணவில்லை. தியென்சினில் குளிர் தொடங்கியிருக்கும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

அத்தையின் அறுபதாவது பிறந்தநாளன்று உங்கள் நண்பர் கூ உங்கள் பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே, வெள்ளை ஜேடு கல்லில் செதுக்கிய பழைய சில்வண்டு. அத்தைக்கு வாயெல்லாம் பல். "எம்புள்ள என்னை மறக்கலடி!" என்று இடுப்பில் கட்டிக்கொள்ளக் கயிறு கேட்டார். நான் துளையைத் தேடினேன். இல்லை. உயிரோடிருப்பவர்கள் கட்டிக்கொள்ளும் சில்வண்டுக்குத் துளை உண்டு. துளையில்லாதது, இறந்தவர் நாக்கில் வைத்துப் புதைப்பது. மண்ணுக்கடியில் கிடந்து மறுபடி பறக்கிற பூச்சியல்லவா. வந்தவர்கள் கிண்ணங்களைக் கீழே வைத்துவிட்டார்கள். உங்கள் அண்ணி, "உன் வீட்டுக்காரருக்கு அத்தையை வழியனுப்ப என்ன அவசரமாம்?" என்று கேட்டார். அத்தை எழுந்து உள்ளே போனவர்தான், இரண்டு நாள் சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கல் செதுக்கும் மா என்பவரிடம் கொண்டுபோய்த் துளை போடச் சொன்னேன். "ரெண்டாயிரம் வருஷத்துச் சாமான்மா. துளைச்சா பாழு. வீட்டுக்காரர் கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றார். "பொண்டாட்டி பைத்தியம்னு சொல்லிக்கட்டும், போடுங்க" என்றேன். ஈரமணல் விட்டு மதியம் முழுதும் துளைத்தார்.

அத்தை அதை இடுப்பில் கட்டிக்கொண்டு இப்போது சாப்பிடுகிறார். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. நேற்று கூவை அவர் வீட்டிலேயே போய்ப் பிடித்தேன். முதலில் சிரித்து மழுப்பினார். பிறகு, "அண்ணி, பொட்டலம் மாறிப்போச்சு. அம்மாவுக்கு வாங்கினது வேற, அதிர்ஷ்டத்துக்கு வௌவால் செதுக்கின கல்லு. இது அவன் தனக்குன்னு வாங்கி வச்சது. இருமினா ரத்தம் வருது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்" என்று அழுதுவிட்டார்.

எனக்குக் கோபம்தான். அதை நேரில் வைத்துக்கொள்கிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எத்தனை நாள் முகத்தை மறைப்பேன்?

தெற்குப் பக்கத்து அறையை ஒழித்துவிட்டேன், நல்ல வெயில் வரும். சந்தையில் பேரிக்காய் வந்துவிட்டது. கற்கண்டு போட்டு வேகவைத்தால் நெஞ்சுக்கு இதமாக இருக்கும். இந்தக் கடிதத்தோடு கூவே வருகிறார். அவரைத் திட்டாமல் அவரோடு வண்டி ஏறுங்கள். யாருக்கும் பாரமாகிவிடுவோம் என்று நினைக்காதீர்கள். இருமிக்கொண்டே வாருங்கள், பரவாயில்லை. எந்த வண்டி என்று தெரியாது. ஞாயிறு முதல் தினமும் ரயில் நிலையத்தில் நிற்பேன்.

நீங்கள் நூறாண்டு இருக்க வேண்டுமென்று கேட்கும்,
வென்யு